ஏழு மணிக்கு மீ சூப்பு: எதை வைத்துச் செய்வது?

வேலை முடிந்து கிள்ளானுக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டால், வீடு சேர ஏழு மணி ஆகிவிடும். அதற்குமேல் சோறு வடித்து, குழம்பு கூட்டி, காய் தாளிக்கப் பொறுமை இருக்காது. நான் செருப்பைக் கழற்றும் முன்பே மகள் கேட்டுவிடுவாள்: "அம்மா, இன்னைக்கு மீ சூப்பா?" ஆமாம் என்று சொல்வது சுலபம். எந்த மீ சூப்பு என்று முடிவு செய்வதில்தான் ரொம்ப நாள் தடுமாறினேன். பாக்கெட்டைப் பிரிப்பதா, நெத்திலி போட்டுக் கொதிக்க வைப்பதா, ஞாயிற்றுக்கிழமை எலும்பு சூப்பு வைத்து உறைய வைத்துக்கொள்வதா? எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவில் கோதுமை மாவில் செய்த மஞ்சள் நூடுல்ஸை 'மீ' என்போம். அரிசியில் செய்த மெல்லிய இழை 'மீஹூன்'. பட்டையாக, வெள்ளையாக இருப்பது 'குவேத்தியோ'. எல்லாம் ஹொக்கியன் சீனர்களிடமிருந்து வந்த சொற்கள். மூன்று தலைமுறையாக எங்கள் வீடுகளில் புழங்குவதால் அவை வேற்றுச் சொற்களாகவே தோன்றுவதில்லை. கடையில் சாப்பிடலாம்தான். ஆனால் பல மலாய்க் கடைகளில் சூப்பு மாட்டெலும்பில் வைப்பார்கள், பல சீனர் கடைகளில் பன்றியெலும்பில் வைப்பார்கள். இரண்டையும் தொடாத எங்கள் வீடு மாதிரி வீடுகளுக்கு மீ சூப்பு என்றால் அது வீட்டு அடுப்பில் வைப்பதுதான்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மீ சூப்பு என்றதும் எந்த மீ போடலாம் என்றுதான் மனம் யோசிக்கும். நானும் அங்கிருந்துதான் தொடங்குவேன். ஆனால் எந்த மீயாக இருந்தாலும் வேக ஒரு நிமிடம், மிஞ்சினால் ஐந்து நிமிடம். ருசியும் நேரமும் உப்பும் சூப்பில்தான் இருக்கின்றன. ஆகவே சூப்பை முதலில் முடிவு செய்யுங்கள், மீயை அதற்கு ஏற்றபடி எடுங்கள். இந்த வரிசையை மாற்றிக்கொண்ட பிறகுதான் என் சமையல் ஒரு நிலைக்கு வந்தது.

பாக்கெட் மீயிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அது இருக்கிறது. அதை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. 1958இல் ஜப்பானில், ஒசாகாவை அடுத்த இக்கேடா என்ற ஊரில், வீட்டுக்குப் பின்னால் போட்ட ஒரு கொட்டகையில் மொமொஃபுகு ஆண்டோ இதைக் கண்டுபிடித்தார். தைவானில் பிறந்தவர் அவர். போருக்குப் பிந்திய பஞ்ச காலத்தில் ஒரு கிண்ணம் சூடான நூடுல்ஸுக்கு மக்கள் நீள வரிசையில் நின்றதைப் பார்த்தவர். அவர் கண்டுபிடித்த வழி, மீயை ஆவியில் வேகவைத்து, சூடான எண்ணெயில் சட்டென்று பொரித்து எடுப்பது. பொரிக்கும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறி, இழை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுப்போகிறது. பிறகு கொதிநீரில் போட்டால் அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் ஏறி, இரண்டு மூன்று நிமிடத்தில் மீ பழைய பதத்துக்குத் திரும்பிவிடும். ஏற்கெனவே வெந்த பண்டத்தைத்தான் நாம் மறுபடி நனைக்கிறோம். அவசரத்துக்கு இதைவிட நல்ல யோசனை வேறு யாருக்கும் வரவில்லை.

இதில் இரண்டு குறைகள். பொரித்ததால் எண்ணெய் ஏறியிருக்கும், அது ஒன்று. இதைவிடப் பெரிய குறை அந்தத் தூள் பொட்டலத்தில் இருக்கும் உப்பு. பாக்கெட்டின் பின்பக்கம் 'சோடியம்' எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 1,200 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தால் 3 கிராம் உப்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமாகவே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒரு கிண்ணத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டால், காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றையும் மதியம் ஊற்றிய சாம்பாரையும் எந்தக் கணக்கில் வைப்பது? எங்கள் வீட்டில் அத்தைக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது. இந்தக் கணக்கை நான் போடத் தொடங்கியதே அவருக்காகத்தான்.

பாக்கெட்டே கதி என்றான நாளில் நான் செய்வது இதுதான். மீயைத் தனியாக ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு அந்த எண்ணெய்த் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். இன்னொரு சட்டியில் ஒரு பல் பூண்டு, ஒரு தக்காளி, கொஞ்சம் மிளகு போட்டுக் கொதிக்க வைத்து, தூளில் பாதியை மட்டும் கலப்பேன். ஆளுக்கு ஒரு முட்டை உடைத்து ஊற்றி, ஒரு பிடி சவிக் கீரை போட்டு, அப்புறம் மீயைச் சேர்ப்பேன். நேரம் எட்டு நிமிடம். பாதித் தூளில் ருசி குறையும் என்று பயப்பட வேண்டாம், தக்காளி அதை ஈடு கட்டிவிடும். சூப்புக் கட்டி வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். பெரும்பாலான கட்டிகளின் பொருட்பட்டியலில் முதலில் நிற்பது உப்பு. ஒரு கட்டிக்குச் சொல்லியிருக்கும் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு ஊற்றிப் பாருங்கள், போதும் என்று தோன்றும்.

அடுத்தது நெத்திலி. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஈக்கான் பிலிஸ் என்று இங்கே சொல்லும் நெத்திலிக் கருவாடு இல்லாத மலேசிய வீடு குறைவு. பங்கோர் தீவுக்குப் போய் வருகிறவர்கள் கிலோ கணக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். தலை, குடல் நீக்கி இரண்டாகப் பிளந்ததும் கிடைக்கும், முழுசாகவும் கிடைக்கும். பிளந்தது விலை கூடுதல், ஆனால் வார நாளில் அந்தப் பணம் தகும். நான் முதன்முதலாகச் செய்தபோது முழு நெத்திலியை அப்படியே தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். எவ்வளவு நேரம் வைக்கிறோமோ அவ்வளவு சாரம் இறங்கும் என்று நினைப்பு. சூப்பு கலங்கி, கசந்து, வீடு முழுக்க மீன் வாடை. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "குடலை எடுக்கலையாம்மா? அதான் கசப்பு. இதுக்குப் பதினஞ்சு நிமிஷம் போதும்" என்றார். அந்த ஒரு வரிதான் எனக்கு மொத்தப் பாடமும்.

நான்கு பேருக்குக் கணக்கு இப்படி. பிளந்த நெத்திலி இரண்டு கைப்பிடி, சுமார் 40 கிராம். தண்ணீரில் ஒரு முறை அலசிப் பிழிந்துவிடுங்கள், மேலுப்பு போய்விடும். ஒரு கரண்டி எண்ணெயில் நெத்திலியைப் போட்டு, ஓரம் லேசாகப் பொன்னிறம் ஆகும்வரை வறுக்கவும். அதிலேயே நசுக்கிய பூண்டு நான்கு பல், கட்டைவிரல் அளவு இஞ்சி, நான்கைந்து சின்ன வெங்காயம். பச்சை மீன் வாடை போய், கருவாடு வறுபடும் நல்ல மணம் வந்ததும் ஒன்றரை லிட்டர் சுடுதண்ணீர் ஊற்றவும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கொதி வரவே பத்து நிமிடம் போய்விடும், ஆகவே கெத்தலில் தண்ணீரைச் சுட வைத்துவிட்டே வறுக்கத் தொடங்குங்கள். ஒரு பழுத்த தக்காளியை நான்காக வெட்டிப் போட்டு, கொதி வந்ததும் தீயைத் தணித்து, மூடாமல் பதினைந்து நிமிடம். வடிகட்டி, வெள்ளை மிளகுத்தூள் தூவி, உப்புப் பாருங்கள். பெரும்பாலும் உப்பே தேவைப்படாது.

தக்காளி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. 1908இல் தோக்கியோவில் கிக்குனே இக்கேடா என்ற வேதியியலாளர் கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றில் இருக்கும் தனி ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டு, அதற்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். ஐந்து வருடம் கழித்து, 1913இல், அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொடாமா காய்ந்த மீனில் இனோசினேட் என்ற இன்னொரு பொருளைப் பிரித்தெடுத்தார். இந்த இரண்டும் ஒரே சட்டியில் சேர்ந்தால், தனித்தனியே தரும் ருசியைக் கூட்டிப் பார்த்தால் வருவதைவிடப் பல மடங்கு தூக்கலாக நாக்கு உணரும். பழுத்த தக்காளியில் முதலாவது நிறைய இருக்கிறது, கருவாட்டில் இரண்டாவது. ஜப்பானியர் கடற்பாசியோடு காய்ந்த மீனைச் சேர்ப்பதும், நம் பக்கத்தில் கருவாட்டுக் குழம்புக்குத் தக்காளியும் கத்தரிக்காயும் போடுவதும் ஒரே கணக்குதான். நம் பாட்டிமாருக்கு அந்தப் பொருள்களின் பெயர் தெரியாது, நாக்கு தெரியும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். நெத்திலி சூப்புக்கு அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து கிண்ணம் மேசைக்கு வரும்வரை இருபத்தைந்து நிமிடம். பாக்கெட்டைவிடப் பதினேழு நிமிடம் அதிகம். ஆனால் அதில் நான் அடுப்பருகே நிற்பது ஏழு எட்டு நிமிடம்தான். சூப்பு தன்பாட்டில் கொதிக்கும்போது குளித்துவிட்டு வரலாம், பள்ளிக்கூடப் பையைப் பார்க்கலாம். இதை உணர்ந்த நாளில் பாக்கெட்டின் மேல் இருந்த ஆசை பாதி போய்விட்டது.

மூன்றாவது வழி கோழி எலும்பு. இதற்கு வேலை ஞாயிற்றுக்கிழமை. பாசாரில் கோழிக் கடைக்காரரிடம் கறி எடுத்த பிறகு மிஞ்சும் எலும்புக் கூட்டைக் கேட்டால், கறி விலையில் சிறு பங்குக்குத் தருவார். ஒரு கிலோ எலும்பைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ரத்தக் கட்டி, அழுக்கு எல்லாம் போகக் கழுவவும். இந்த வேலையைத் தவிர்த்தால் சூப்பு சாம்பல் நிறத்தில் நுரைத்துக் கிடக்கும். பிறகு குக்கரில் இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பெரிய வெங்காயம், இஞ்சி, பூண்டு, மசாலா முடிச்சு. தீயைத் தணித்து இருபத்தைந்து நிமிடம். திறந்த சட்டியில் வைத்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். குக்கருக்குள் அழுத்தத்தால் தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறுவதால் வேலை சுருங்கிவிடுகிறது.

அந்த மசாலா முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆசை. 'சூப் புன்ஜூட்' என்று மலாயில் எழுதி, சிறு துணி முடிச்சாகக் கடைகளில் தொங்கவிட்டிருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் மல்லி, சோம்பு, சீரகம், மிளகு, பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ. எங்கள் அம்மா ஆட்டுக்கால் சூப்புக்குத் தூக்கிய அதே டப்பாக்கள்! மலாய்க்காரர்கள் வீட்டு சூப்பு, மாமாக் கடை (தமிழ் முஸ்லிம்களின் உணவுக் கடை) சூப்பு, நம் வீட்டு சூப்பு மூன்றும் ஒரே அஞ்சறைப்பெட்டியிலிருந்து வந்தவை என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சியாக இருக்கிறது. கடை முடிச்சு வாங்க வேண்டிய அவசியமில்லை. மல்லி இரண்டு கரண்டி, சோம்பு, சீரகம், மிளகு ஒவ்வொரு கரண்டி, இரண்டு ஏலக்காய், மூன்று கிராம்பு, விரல் நீளப் பட்டை, ஒரே ஒரு அன்னாசிப்பூ. லேசாக வறுத்து, வெள்ளைத் துணியில் கட்டினால் ஆயிற்று. அன்னாசிப்பூ ஒன்றைத் தாண்ட வேண்டாம். சோம்பில் இருக்கும் அதே மணப்பொருள்தான் அதிலும், ஆனால் வேகம் அதிகம். இரண்டு போட்டால் சூப்பில் மருந்துக் கடை வாசம் வரும். முடிச்சையும் சட்டியிலேயே ஊறவிடாமல், குக்கரைத் திறந்ததும் எடுத்துவிடுங்கள்.

வடிகட்டிய சூப்பு ஆறியதும் அரை லிட்டர் டப்பாக்களில் ஊற்றி உறைபெட்டியில் வைத்துவிடுவேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. நம் ஊர் வெக்கையில் எலும்பு சூப்பு சீக்கிரம் கெடும். சட்டியைத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் இறக்கி வைத்தால் அரை மணியில் ஆறிவிடும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நாள் தாங்கும், உறைய வைத்தால் இரண்டு மாதம். டப்பா நிறைய ஊற்றாதீர்கள், உறையும்போது தண்ணீர் விரிந்து மூடியைத் தூக்கிவிடும். மேலே படியும் கொழுப்பை உறைந்த பிறகு கரண்டியால் வழித்து எடுப்பது சுலபம்.

வார நாளில் பாக்கெட்டை விட்டால் இதைவிட வேகமான வழி கிடையாது. டப்பாவைக் கவிழ்த்துச் சுட வைக்கும் நேரத்தில் மீயும் வெந்துவிடும். பத்து நிமிடத்தில் சாப்பாடு, கிட்டத்தட்ட பாக்கெட்டுக்குச் சமமான நேரம், ருசியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். விலை என்னவென்றால் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரமும் உறைபெட்டியில் ஒரு தட்டும். இரண்டும் இருக்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், கோழி எலும்புதான். எனக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் அப்படி அமைகிறது, மற்ற இரண்டும் கல்யாணம், கோயில், உறவினர் வீடு என்று போய்விடும்.

நான்காவது, சைவ நாள். வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் தைப்பூச விரதமும் எங்கள் வீட்டில் தவறாது. அந்த நாள்களில் வெறும் தண்ணீரில் சோயா சாஸ் ஊற்றிக் கொடுத்து, 'சைவம் என்றால் இப்படித்தான் சப்பென்று இருக்கும்' என்று ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். உலர்ந்த ஷிட்டாகே காளான் அதை மாற்றியது. சீனர் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும், கறுப்புத் தொப்பி மாதிரி. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஆறு காளானைக் கழுவிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், மாலைக்குள் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும். சுடுதண்ணீரில் அரை மணியில் ஊறும்தான், ஆனால் குளிர்ந்த தண்ணீரில் மெல்ல ஊறினால் சூப்பு ருசி கூடுதலாக வரும். கருவாட்டில் பார்த்த இனோசினேட்டுக்கு ஒன்றுவிட்ட உறவான குவானிலேட் காளானில் இருக்கிறது. ஆகவே இங்கேயும் தக்காளி சேர்ந்தால் அதே கூட்டு வேலை செய்யும். அதோடு வெள்ளை முள்ளங்கி ஒரு துண்டு, துண்டு போட்ட சோளக் கதிர், கேரட், இஞ்சி. இருபது நிமிடம் கொதித்தால் போதும். பூண்டு, வெங்காயம் விலக்குகிறவர்கள் இஞ்சியையும் மிளகையும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக்கொள்ளலாம். ஊறிய காளானை வீசிவிடாதீர்கள், காம்பை நீக்கி மெல்லிசாக அரிந்து கிண்ணத்தில் போட்டால் அசைவம் சாப்பிடுகிறவர்களே கேட்டு வாங்குவார்கள்.

சரி, இனி மீ.

மஞ்சள் மீக்கு அந்த நிறமும் இழுவையும் வருவது காரநீரால். கோதுமை மாவில் சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரப்பொருள் கலந்த தண்ணீரை ஊற்றிப் பிசைகிறார்கள். இழை ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவியிருக்கும். பொட்டலத்தைப் பிரித்ததும் வரும் அந்தக் கார வாடைக்குக் காரணம் அந்தக் காரநீர்தான். கொதிநீரில் அரை நிமிடம் போட்டு வடித்து எடுத்தால்தான் போகும். அப்படியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் நெத்திலி, காளான் மாதிரி இளசான சூப்புக்கு இது சேராது. மசாலா முடிச்சு போட்ட கோழி சூப்புக்கு நன்றாக ஈடுகொடுக்கும். பச்சை மீ குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், ஆகவே வாங்கி வைத்து மறந்துவிடுகிறவர்களுக்கு உதவாது. என் வீட்டில் இதை வாங்கினால் அன்றோ மறுநாளோ தீர்த்துவிடுவோம்.

மீஹூன் அதற்கு நேர் எதிர். உலர்ந்த பொட்டலம் மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும், தனக்கென்று வாடை கிடையாது, எந்த சூப்பு ஊற்றினாலும் அதன் ருசியை வாங்கிக்கொள்ளும். காய்ச்சல் வந்தவருக்கும் வயிறு சரியில்லாதவருக்கும் தயங்காமல் கொடுக்கலாம். வேலைக்குப் போய் வருகிற வீட்டுக்கு ஒரே ஒரு மீ வாங்கி வைக்கச் சொன்னால் நான் மீஹூனைத்தான் சொல்வேன். வீட்டுக்குள் நுழைந்ததும் சாதாரணத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுங்கள், பதினைந்து நிமிடத்தில் வளைந்து கொடுக்கும். பரிமாறும் நேரத்தில் கொதிநீரில் ஒரு நிமிடம் போதும். ஊற வைக்காமல் நேரே கொதிக்க வைத்தால் வெளிப்பக்கம் குழைந்து உள்ளே நரம்பு நிற்கும். வாங்கும்போது பொருட்பட்டியலையும் பாருங்கள். சிலவற்றில் அரிசியோடு சோள மாவும் கலந்திருக்கும், அது சீக்கிரம் துண்டு துண்டாக உடையும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் இதற்காகத் தேடி அலைய வேண்டாம். உலர்ந்த அரிசி சேவை மீஹூனுக்கு மிக நெருங்கிய சொந்தம். பாக்கெட்டில் சொன்னபடி கொதிநீரில் போட்டு எடுத்து, சூப்பை மேலே ஊற்றிக்கொள்ளலாம். வறுத்த கோதுமை சேமியாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள், சூப்பில் இரண்டே நிமிடத்தில் கூழாகிவிடும்.

குவேத்தியோ சாப்பிட ஈப்போ போக வேண்டும் என்பார்கள். உண்மைதான், அங்கே கிடைக்கும் மெல்லிசு வேறெங்கும் வராது. வீட்டுக்கு வாங்கினால் அன்றைக்கே சமைக்க வேண்டும். குளிர்பெட்டியில் ஒரு ராத்திரி வைத்தால் அரிசி மாவு இறுகி, தொட்டால் முறியும். கொதிநீர் ஊற்றினால் மறுபடி இளகும், ஆனால் முதல் நாள் வழுவழுப்பு திரும்பாது. பச்சைப்பயறு மாவில் செய்த சூஹூன், அதாவது கண்ணாடி இழை, சைவ சூப்புக்கு அழகாக இருக்கும். அது சூப்பைக் குடித்துக்கொண்டே போகும் என்பதால் ஊற்றியதும் சாப்பிட்டுவிட வேண்டும்.

எந்த மீ எடுத்தாலும் ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள்: மீயைத் தனிச் சட்டியில் வேகவைத்து வடித்துக் கிண்ணத்தில் போட்டு, அதன் மேல் சூப்பை ஊற்றுங்கள். ஒரே சட்டியில் போட்டால் மாவுச்சத்து கரைந்து சூப்பு கொழகொழவென்று ஆகிவிடும், மறுகிண்ணம் எடுக்க வருகிறவருக்கு ஊறிப்போன மீதான் கிடைக்கும். ஒரு சட்டி கூடுதலாகக் கழுவ வேண்டும் என்பது உண்மை. எங்கள் வீட்டில் அப்பா எட்டரைக்குத்தான் வருவார். அவருக்கும் முதல் கிண்ணம் மாதிரியே கிடைக்க வேண்டும் என்பதால் அந்தச் சட்டியைக் கழுவ நான் யோசிப்பதில்லை.

மேலே போடுபவற்றை உங்கள் கையிருப்புக்கு விட்டுவிடுகிறேன். முட்டை, தௌபூ என்ற சோயாக் கட்டி, கிழித்த கோழி, சவி, தௌகே என்ற முளைப்பயறு எது இருந்தாலும் சரி. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மீயைப் பாதியாகக் குறைத்து இவற்றை இரட்டிப்பாக்குங்கள். பொரித்த சின்ன வெங்காயம் மட்டும் இல்லாமல் இருக்கக் கூடாது. ஒரு ஞாயிறு கால் கிலோ வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, இளந்தீயில் பொன்னிறமாகப் பொரித்து, புட்டியில் போட்டுவைத்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். பொரித்த எண்ணெயையும் வீணாக்காதீர்கள், கிண்ணத்துக்கு அரைக் கரண்டி ஊற்றினால் வாசம் வாசல்வரை போகும்.

இன்றைக்கு ஒருவர் என்னிடம் 'எதைச் செய்யட்டும்?' என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். உறைபெட்டியில் கோழி சூப்பு இருக்கிறதா, அதை எடுத்து மஞ்சள் மீயோ மீஹூனோ போடுங்கள். இல்லையென்றால் நெத்திலியும் மீஹூனும், வாரத்தில் எத்தனை நாள் வேண்டுமானாலும். வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே காளானை ஊறப் போட மறக்காதீர்கள், மறந்துவிட்டால் மாலையில் சுடுதண்ணீரில் போட்டு அரை மணி பொறுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் அலமாரியின் மேல்தட்டில் இரண்டு இருக்கட்டும், உடம்புக்கு முடியாத நாளுக்கும் மின்சாரம் போய் கேஸ் அடுப்பு மட்டும் எரியும் இரவுக்கும். தனியாக வாடகை அறையில் இருக்கும் மாணவர்களுக்கு நெத்திலி வறுத்தால் பக்கத்து அறைக்காரர் முகம் சுளிப்பாரோ என்ற கவலை இருக்கும். அவர்கள் காளான் சூப்பையே வாரம் முழுக்க வைத்துக்கொள்ளலாம், ஒரு மின்சட்டி போதும், வாடையும் வராது.

பரிமாறும்போது சிலி பாடி என்ற காரமான சின்ன மிளகாயைக் கிண்ணத்தில் போடாமல், பொடியாக அரிந்து, சோயா சாஸில் ஊறவைத்துத் தனிச் சிறு தட்டில் வையுங்கள். சிலிக்கு ஒரு கரண்டி சாஸ், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கோழித் துண்டையோ தௌபூவையோ அதில் தொட்டுக்கொள்ளலாம். மகளுக்கு அது வேண்டாம், அத்தைக்கு உப்பு ஆகாது, அப்பாவுக்கு அது இல்லாமல் இறங்காது.